புகைபோக்கி இல்லாத படம்

"அண்ணா, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. தலையிலேருந்து புகைபோக்கி முளைச்சிருக்கு."

மாப்பிள்ளை தள்ளி நின்றார். இப்போது ஆலையின் கிரேன் அவருடைய சட்டைக் காலரைக் கவ்வித் தூக்குவது போலிருந்தது.

ஸ்டூடியோக்காரரின் தங்கை கேமராவை இறக்கிப் பெருமூச்சு விட்டாள். அவள் தனியாக எடுக்க வந்த முதல் கல்யாண ஜோடி இது. அண்ணன் கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தான். "கடலும் பாறையும் மட்டும்தான் விழணும். அந்த ஆலை ஓரத்துல தெரிஞ்சாலும் சரி, நாளையிலேருந்து நீ பழையபடி கடைக்குள்ள உக்காந்து படத்துக்குக் கண்ணாடி மாட்டு."

ஆலையோ பாறைகளுக்கு மேலே காலை அகட்டிக்கொண்டு நின்றது. ஜோடியை எங்கே நிறுத்தினாலும் ஒரு குழாயாவது எட்டிப் பார்த்தது. போதாக்குறைக்கு மாப்பிள்ளை, நிறுத்திய இடத்தில் நிற்காமல் ஆலைப் பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்தார்.

"சரி, அந்தத் தாழ்வான பாறையில உக்காருங்க. பின்னால வெறும் தண்ணிதான்."

உட்கார்ந்தார்கள். தண்ணீர் பின்னால் நிற்கவில்லை. தலைக்கு மேலேயே வந்து இறங்கியது.

"சாயம் போற துணின்னு கடைக்காரன் ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள் துணைக்கு வந்திருந்த மணப்பெண்ணின் அத்தை. மணப்பெண்ணின் நனைந்த நீலப் புடவை பட்டு, மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை ஒரு பக்கம் நீலமாகியிருந்தது.

"அம்மா, உங்க குடையை விரிச்சு அவங்களுக்குப் பின்னால பிடிங்க. ஆலை மறைஞ்சிடும்."

"அது மறைஞ்சிடும். நான் தெரிவேனே?"

"குனிஞ்சுக்குங்க."

அத்தை குனிந்தாள். காற்று குடையைப் பிடுங்கியது. குடை பாறைக்குப் பாறை தாவி ஓட, அத்தையும் பின்னாலேயே ஓடினாள்.

"குடை போனாப் போகட்டும்மா."

"உனக்கென்ன, போறது என் குடை."

அந்த நேரம் பார்த்து ஆலைச் சங்கு ஊதியது. பாறை இடுக்குகளில் ஒதுங்கியிருந்த கடற்பறவைகள் அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பிப் புகைபோக்கியைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டன. நனைந்த ஜோடி அண்ணாந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தது. ஸ்டூடியோக்காரரின் தங்கைக்குப் புத்திக்கு முன்னால் விரல் முந்திக்கொண்டு கேமராவை அழுத்திவிட்டது.

திரையில் பார்த்தாள். அலை இருந்தது, பறவைகள் இருந்தன, காலையிலிருந்து கிடைக்காத சிரிப்பும் இருந்தது. நட்டநடுவில், இன்றைக்குக் கல்யாணமே தனக்குத்தான் என்பது போலப் புகைபோக்கி நிமிர்ந்து நின்றது. நாளைக்குக் கண்ணாடி மாட்டுவதுதான்.

"மன்னிச்சுக்குங்க, கை தவறிடுச்சு. இதை அழிச்சிடறேன்."

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளை பாய்ந்து வந்து கேமராவைப் பொத்திக்கொண்டார்.

"அழிச்சிடாதம்மா, நாங்க ரெண்டு பேரும் வேலை பாக்கறதும் பாத்துப் பழகினதும் அந்தப் புகைபோக்கிக்குக் கீழதான், கேக்கக் கூச்சமா இருந்துச்சு, அதான் படத்துல அதுவும் விழட்டும்னு காலைலேருந்து அந்தப் பக்கமே நகர்ந்துக்கிட்டிருந்தேன்."