மாற்றக் கோரிக்கை எண் ஆறு

நாற்பத்தாறாவது வயதில் பட்டதாரி ஆகியே தீருவது என்று முடிவெடுத்தேன். இந்த வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வரும். எனக்குப் படிப்பு வந்தது.

நான் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். கையில் இருப்பது ஒரு பழைய டிப்ளமா. புதுக் கட்டடங்களில் லிஃப்ட் பொருத்தும் பிரிவின் தலைவர் மூன்று வருடத்தில் ஓய்வு பெறுகிறார் என்றும், அந்த இடத்துக்கு என்னைத்தான் நினைத்திருக்கிறார் என்றும் எங்கள் மேனேஜர் சொன்னார். "ஆனா டிகிரி வேணும்யா. அது இல்லாம மேலிடத்துல கையெழுத்துப் போட மாட்டாங்க" என்றார். அன்று சாயங்காலமே அப்ளைடு மேனேஜ்மென்ட் பட்டப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கிவிட்டேன். சிறப்புப் பாடம், திட்ட மேலாண்மை. வகுப்பு சனிக்கிழமைகளில்.

வீட்டில் கம்பீரமாக அறிவித்தேன்.

"நான் படிக்கப் போறேன்."

"படிங்க. பேப்பர் டீப்பாய் மேல இருக்கு."

"பேப்பர் இல்லம்மா, டிகிரி! எவ்வளவு நாளைக்குத்தான் மத்தவங்களையே மேல அனுப்பிட்டிருக்கிறது? நானும் மேல போக வேண்டாமா?"

"வாயக் கழுவுங்க! வெளக்கு வெக்கிற நேரத்துல என்ன பேச்சு இது!"

"ஐயோ, உத்தியோகத்துல மேல."

"அதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? என்ன படிப்பு?"

"திட்ட மேலாண்மை."

"திட்டவா? அதுக்கு மூணு வருஷமா? நான் ஒரு நாள்கூட வகுப்புக்குப் போகலையே!"

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை அவளுடையது. யார் எப்போது வர வேண்டும், யார் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், டாக்டர் எப்போது சாப்பிட வேண்டும், எல்லாம் அவள் முடிவு. அங்கே வருகிறவர்களெல்லாம் அவள் முன்னால் வாயைத் திறந்தபடி இருப்பார்கள். அந்த உரிமை எனக்கு வீட்டில் கிடையாது.

இரண்டரை வருடம் ஓடியது. ஒரு சனிக்கிழமை வகுப்பைக்கூட நான் தவறவிடவில்லை. இதை நான் ஆபீஸில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசிப் பருவத்தில்தான் வந்தது வினை. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நிஜமான திட்டத்தைப் பன்னிரண்டு வாரத்தில் செய்து முடிக்க வேண்டும். அதன் வாடிக்கையாளர் "திருப்தியாக முடிந்தது" என்று கையெழுத்துப் போட வேண்டும். பேராசிரியை நேரில் வந்து பார்ப்பார். முடியாவிட்டால் ஒரு வருடம் காத்திருந்து மறுபடி முதலிலிருந்து. அதற்குள் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்து சூடு பண்ணிவிடுவார்.

எங்கள் சமையலறை அலமாரிகள் பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. குழாய்த் தொட்டி ஒழுகியது. அதையே திட்டமாக எடுத்துக்கொண்டேன். திட்ட மேலாளர் நான். வாடிக்கையாளர் என் மனைவி. பெரிய சார்ட் ஒன்று வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். கலர் கலராகக் கோடுகள். நானே நாலடி தள்ளி நின்று ரசித்தேன்.

"இது என்ன, யாருக்காவது ஈசிஜி எடுத்தீங்களா?"

"வேலைத் திட்டம். இதுல நீ ஒரு முக்கியமான ஸ்டேக்ஹோல்டர்."

"ஸ்டவ் ஹோல்டரா? அப்ப அடுப்பையும் நானே கையில பிடிச்சுக்கிட்டு சமைக்கணுமா?"

"ஸ்டேக்! திட்டத்துல பங்கு உள்ளவங்கன்னு அர்த்தம். விடு. இது ரிஸ்க் ரெஜிஸ்டர். இதுல வரக்கூடிய ஆபத்தெல்லாம் எழுதணும்."

"அதுல நான் எப்பவோ கையெழுத்துப் போட்டுட்டேனே. கல்யாணத்தன்னிக்கு."

இப்படியே போனால் பன்னிரண்டு வாரமும் பேச்சிலேயே போய்விடும் என்று தோன்றியது. அலமாரி உயரம் போதாது என்பாள். தொட்டி இடது பக்கம் வேண்டும் என்பாள். மறுநாள் வலது பக்கம் என்பாள். அப்போதுதான் என் பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில் ஓர் அற்புதத்தைக் கண்டேன். மாற்றக் கோரிக்கைப் படிவம்! திட்டத்தில் எந்த மாற்றம் வேண்டுமானாலும் வாயால் சொல்லக் கூடாது, எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஐம்பது பிரதி எடுத்து வந்தேன்.

"இனிமே எதுவா இருந்தாலும் இதுல எழுதிக் குடு. நான் பரிசீலனை பண்றேன்."

"எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்."

அவள் படிவத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரிங்க" என்றாள். இருபது வருடத்தில் ஒரே சொல்லில் அவள் பேச்சை முடித்தது அன்றைக்குத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆகா, அடுத்த சில வாரங்கள்! வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். அவள் எழுதுவாள், நீட்டுவாள். நான் "பரிசீலனையில் உள்ளது" என்று சொல்லி வாங்கி, ஃபிரிட்ஜ் மேலிருந்த காலி பிஸ்கட் டப்பாவில் போடுவேன். படித்தால்தானே பதில் சொல்ல வேண்டும்? கூடப் படிக்கிறவர்களுக்கெல்லாம் இந்த உத்தியைச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பேர் எனக்குக் காபி வாங்கிக்கொடுத்தார்கள்.

இதில் ஒரே குறை, சமையலறை. பழைய அலமாரிகளைப் பெயர்த்துப் போட்டாகிவிட்டது. புதியது வரவில்லை. கார்பெண்டரை நாங்கள் 'நாளைக்கு' என்றுதான் கூப்பிடுவோம். அவர் வாயில் வேறு சொல் வராது. ஒவ்வொரு முறை அவர் வராதபோதும் நான் சார்ட்டில் கோட்டைத் தள்ளித் தள்ளி வரைந்தேன். ஆறாவது வாரம் முடிந்தது. கோடு ஃபிரிட்ஜைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது. ஹாலில் ஒற்றை அடுப்பில் சமையல். இரண்டரை வருடப் படிப்பு ஓர் அலமாரியில் தொங்குகிறது, அந்த அலமாரியையே காணோம்!

ஏழாவது வாரம் சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்தேன். வாசலிலேயே ரம்பம் அறுக்கும் சத்தம். உள்ளே போனால் 'நாளைக்கு' காதில் பென்சிலோடு வேலை செய்துகொண்டிருக்கிறார். பாதி அலமாரி சுவரில் ஏறியிருக்கிறது.

"என்ன மாஸ்டர், திடீர்னு?"

"புது மேனேஜரம்மா வரச் சொன்னாங்க சார்."

"எந்த மேனேஜரம்மா?"

"உங்களுக்கே தெரியாதா? கடுதாசியே காட்டினாங்களே." சட்டைப்பையிலிருந்து மடித்த பிரதி ஒன்றை எடுத்து நீட்டினார்.

மாற்றக் கோரிக்கை எண் ஆறு. கோரும் மாற்றம்: திட்ட மேலாளர். பழையவர்: என் கணவர். புதியவர்: நான். காரணம்: பழையவர் சார்ட்டை முடிக்கிறார், வேலையை முடிப்பதில்லை. இதனால் ஏற்படும் பாதிப்பு: அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹாலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் பாய்ந்தேன்.

"என்ன இது? நான் எப்ப இதை ஒத்துக்கிட்டேன்?"

"மறுக்கலையே."

"மறுக்கலைன்னா?"

"படிவத்துல அடியில பாருங்க. கண்ணாடியப் போட்டுக்குங்க, எழுத்து பொடிசு."

போட்டுக்கொண்டு பார்த்தேன். 'ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கப்படாவிட்டால், இக்கோரிக்கை ஏற்கப்பட்டதாகக் கருதப்படும்.'

"இன்னியோட ஒம்பது நாள் ஆச்சு" என்றாள்.

"இதை யார் எழுதினது?"

"உங்க புத்தகம். ஏன், புத்தகம் தப்புங்கறீங்களா? அப்ப அந்தப் பேராசிரியையம்மாகிட்ட அதைச் சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் பேச்சை மாற்றினேன். "சரி, அந்த ஆளை எப்படி வரவெச்சே?"

"முன்பல்லுக்கு கேப் போடணும்னு கிளினிக்குக்கு வந்தாரு. எப்ப வரட்டும்னாரு. நாளைக்குன்னேன். மறுநாள் வந்தாரு. நாளைக்குன்னேன். நாலாவது நாள் அவருக்கே புரிஞ்சுபோச்சு."

நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். இன்னும் எதையெல்லாம் ஒத்துக்கொண்டிருக்கிறேனோ! வீட்டையே எழுதி வாங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன்.

முதல் மூன்றும் அலமாரி, தொட்டி, குழாய். நாலாவது: 'திட்டம் முடியும்வரை வீட்டில் டிவி கிடையாது. காரணம்: படிக்கிற ஆள் இருக்கிறார்.' டிவி கெட்டுப்போய்விட்டது என்றல்லவா என்னிடம் சொன்னாள்! ஐந்தாவது: 'சனிக்கிழமைக்குப் பதில் நான் ஞாயிறு வேலைக்குப் போகும் ஏற்பாடு தொடர வேண்டும். காரணம்: சனிக்கிழமை அவரைக் காலையில் எழுப்பி, வகுப்புக்குக் கிளப்ப ஆள் வேண்டும்.' ஏழாவது: 'கணவரை மேலாளர் வேலையிலிருந்து விடுவித்த நேரத்தில் அவர் அறிக்கை எழுத வேண்டும். காலை ஐந்திலிருந்து ஏழுவரை யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. நான் உள்பட.' எட்டாவதில் ஒரே ஒரு வரி: 'அவருக்குப் புதுக் கண்ணாடி. புத்தகத்தை மூக்கில் ஒட்டிவைத்துப் படிக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை.'

இரண்டரை வருடமாக அவள் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்திருக்கிறாள். நான் வகுப்பைத் தவறவிடாத பெருமையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, அவள் ஞாயிறு வேலைக்குப் போகும்போது "பை" சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பிறகு கண்ணையும் துடைத்தேன்.

உள்ளே போய், "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.

"மன்னிக்கிறது இருக்கட்டும். ரெண்டு வெங்காயம் நறுக்குங்க. நீங்க இப்ப பணியாளர்."

பதினோராவது வாரம் சமையலறை முடிந்தது. சார்ட்டே இல்லாமல்! பன்னிரண்டாவது வாரம் பேராசிரியை வந்தார். வாயில் புன்னகை, கையில் சிவப்புப் பேனா. அலமாரிகளைத் திறந்து மூடினார். குழாயைத் திறந்து பார்த்தார். என் அறிக்கையைப் புரட்டினார்.

"அருமையா இருக்கு. ஆறாவது வாரத்துல படுத்துப்போன திட்டம் எப்படி எழுந்தது? திட்ட மேலாளரா நீங்க என்ன செஞ்சீங்க?"

அறிக்கையில் அந்த இடத்தை நான் பூசி மெழுகியிருந்தேன். வாயைத் திறந்து "நான் வந்து..." என்றேன். என் மனைவி தேநீர்த் தட்டோடு நின்றாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு சொல் போதும், அதைக்கூட அவள் சொல்லவில்லை. என்னால் தாங்க முடியவில்லை.

"மேடம், திட்ட மேலாளர் நான் இல்ல. இவங்க. நான் கோடு போட்டேன், இவங்க வேலையை முடிச்சாங்க. அலமாரியை மட்டும் சொல்லல. என்னைப் படிக்க வெச்சதும் இவங்கதான். ஃபெயில் போடறதுன்னா போட்டுடுங்க." டப்பாவை அவர் முன்னால் கவிழ்த்தேன்.

பேராசிரியை படிவங்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். ஆறாவதுக்கு வந்ததும் தேநீர் புரையேறிற்று.

"இதுவரைக்கும் எல்லாம் முறைப்படிதான் இருக்கு" என்றார் இருமி முடித்து. "ஆனா ஒரு சிக்கல். வாடிக்கையாளரும் மேலாளரும் ஒரே ஆளா இருக்கக் கூடாதே. திருப்திச் சான்றுல யார் கையெழுத்துப் போடறது?"

என் மனைவி தட்டைக் கீழே வைத்தாள்.

"பதினோராவது படிவத்தைப் பாருங்க மேடம். வாடிக்கையாளரை மாத்தியாச்சு. இப்ப வாடிக்கையாளர் அவர்தான். கொடுத்துப் பன்னிரண்டு நாள் ஆச்சு, மறுக்கல."

"இதெல்லாம் நீங்க படிச்சிருப்பீங்களே," பேராசிரியை என் பக்கம் திரும்பினார், "இதை ஏன் மறுக்கல?"

"பரிசீலனைல இருக்கு மேடம்" என்று அசடு வழிந்தேன். எட்டாவதோடு கண் கலங்கி டப்பாவை மூடியவன்தானே நான். அதற்குப் பிறகு வந்ததையும் பழைய வழக்கப்படி படிக்காமலே உள்ளே போட்டிருந்தேன்.

அங்கேயே கையெழுத்துப் போட்டேன். என் சொந்தச் சமையலறை எனக்குத் திருப்தியாக முடிந்தது என்று.

பதினைந்து நாள் கழித்து முடிவு வந்தது. தேர்ச்சி! நல்ல மதிப்பெண். எங்கள் மேனேஜர் போனிலேயே கத்தினார், "வாய்யா, நாற்காலி காலியாத்தான் இருக்கு!" நான் கிளினிக்குக்கே ஓடினேன். வரவேற்பறையில் நாலு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே மதிப்பெண் தாளை அவள் மேஜையில் வைத்தேன்.

"எல்லாம் உன்னாலதாம்மா. நீ இல்லைன்னா நான் இன்னும் கோடு போட்டுட்டிருப்பேன். இந்தப் பட்டம் உன்னோடது." கன்னத்தைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் கை தட்டினார். "பேராசிரியை அடியில என்ன எழுதியிருக்காங்க பாரு. 'மாணவர் தமக்குச் சரியான மேலாளரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.'"

அவள் தாளை வாங்கி மெல்லப் படித்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். என் கையை ஒரு முறை அழுத்தினாள். பிறகு மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

"எல்லாம் சரியா எழுதியிருக்காங்க. ஒரு இடத்துலதான் தப்பு."

"எந்த இடத்துல?"

"தேர்ந்தெடுத்தது நான்."