போர்வைக்குள் ஒரு புழு நோயாளி

சனிக்கிழமை ஏலச் சந்தைக்கு ஆடு வாங்க வந்தவர்களைவிடப் புழு கண்டுபிடிக்கும் கோலைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். டெக்சஸ் மலைநாட்டுப் பிக்கப் வண்டிகளில் பாதி அங்கேதான் நின்றன. சகோதரர் லெமுவேல் வந்திருக்கிறாராம்! அவர் கையில் ஒரு சீமைக்கருவேலங் கவட்டைக் குச்சி. ஆட்டு வயிற்றுக்கு மேலே பிடித்தால் போதும், உள்ளே புழு இருந்தால் குச்சி தானாகக் குனியும். அதன்பிறகு புழுவை ஒழிக்கும் என்று பாட்டிலில் யோர்தான் புனித நதித் தண்ணீர் விற்பனை. யோர்தான் எந்தத் திசையில் ஓடுகிறது என்று அவரிடம் கேட்கத்தான் ஆளில்லை.

வெர்னாவின் கொழுந்தன் ஓட்டிஸ் அந்தத் தண்ணீரைப் பெட்டி பெட்டியாக வாங்கி ஊற்றினான். அவன் ஆடுகளோ புழு முற்றித் தாடை வீங்கிச் செத்துக்கொண்டிருந்தன. வேறு மருந்து கொடுத்தால் ஆசீர்வாதம் முறிந்துவிடுமாம். கால்நடை டாக்டரை வேலிக்குள்ளேயே விடவில்லை. வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆடுகளில் பாதி அவள் கையால் புட்டிப்பால் குடித்து வளர்ந்தவை.

ஒரு பாட்டிலை வாங்கி ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். விடிந்ததும் அடியில் வெள்ளையாக மண்டி தங்கியிருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது: ஊரே வருஷக்கணக்காக ஊற்றிவந்த பழைய குடற்புழு மருந்துதான். தண்ணீர் மட்டும் தாராளம்.

அடுத்த சனிக்கிழமை, சகோதரர் மறுபடி வந்திருந்த சந்தையில் ஓட்டிஸைப் பிடித்துச் சொன்னாள். அவன் மசியவில்லை.

"போன வருஷம் கேட்டுச்சே அண்ணி! இப்பக் கேக்கலைன்னா என் விசுவாசம் குறைஞ்சுபோச்சுன்னு சகோதரர் சொல்றாரு."

"உன் விசுவாசம் குறையலைடா, புழுவுக்குச் சாமர்த்தியம் கூடிப்போச்சு. மாசாமாசம் அந்தப் பழைய மருந்தை எல்லா ஆட்டுக்கும் ஊத்தினோம். தாங்கின புழு மட்டும் பிழைச்சு, முட்டை போட்டுப் பெருகுச்சு. இப்ப அதுங்க உடம்புக்குள்ளயே மருந்தை உடைச்சு, விஷத்தை முறிச்சு, வெளிய தள்ளிடுதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இந்த ஆளு தண்ணி கலந்து கொடுக்கிறது புழுவுக்கு டியூஷன் எடுக்கிற மாதிரி."

"கோல் பொய் சொல்லாது! நோஞ்சான் ஆட்டுக்கிட்டதானே குனியுது?"

"ஜெபம் பண்ற சாக்குல கண் இமையைப் பிதுக்கிப் பாக்குறாரே, கவனிச்சியா? புழு ரத்தம் குடிச்ச ஆட்டுக்கு உள்ளிமை வெளுத்திருக்கும்."

ஓட்டிஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப ஆட்டையெல்லாம் மூடி வச்சுப் பாப்போம்! ஒரு போர்வைக்குள்ள நானே மண்டி போடுறேன். நான் ஆடில்லைன்னு கோல் கண்டுபிடிக்கலைன்னா, டாக்டரம்மாவை நானே கூப்பிடுறேன்."

சகோதரர் காபி குடிக்கப் போன நேரத்தில் பட்டியில் இரண்டு ஆடுகளும் ஒரு ஓட்டிஸும் குதிரைப் போர்வைக்குள் போனார்கள். அவர் திரும்பி வந்து போர்வையை நீக்கச் சொன்னார்.

"பூமிக்கு அடியில தண்ணியே பாக்குற கோலு! கம்பளியா அதுக்குத் தடை?" என்று வெர்னா உரக்கக் கேட்டாள். "அதானே!" என்றது கூட்டம். மனிதர் மாட்டிக்கொண்டார்.

முதல் போர்வையிடம் கோல் அசையவில்லை. "பரிசுத்தம்!" என்றார். வெர்னா விலக்கினாள். உள்ளே தாடை வீங்கி, இமை வெளுத்து, நிற்கவே முடியாத ஆடு. கூட்டம் முணுமுணுத்தது. பதறிய சகோதரர் இருப்பதிலேயே பெரிய போர்வையிடம் தாவினார். கோல் தலைகுப்புற விழுந்தது.

"ஐயையோ! வயிறு பூராப் புழு! தினம் ரெண்டு பாட்டில் ஊத்தலைன்னா பிழைக்காது!"

போர்வை எழுந்து நின்றது. "எனக்கா?" என்றது.

சந்தை வெடித்துச் சிரித்தது. "ஊத்துங்கய்யா, பாவம்!" என்று யாரோ கத்தினார்கள். சந்தேகக்காரர்கள் நடுவே கோல் வேலை செய்யாது என்று சொல்லிக்கொண்டே சகோதரர் வண்டியைக் கிளப்பினார்.

ஓட்டிஸ் மட்டும் சிரிக்கவில்லை. தலையில் ஒட்டிய வைக்கோலோடு நின்றான். "அண்ணி... டாக்டரம்மா இன்னிக்கே வருவாங்களா?"

"வருவாங்க. அவங்க கொடுக்கிற புது மருந்து நோஞ்சானுக்கு மட்டும்தான். எல்லாத்துக்கும் ஊத்தி இதையும் புழுவுக்குக் கத்துக்கொடுத்துடாத."

மூளை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத புழுகூட, தன்மேல் ஊற்றியதை உடைத்து விஷத்தை முறித்துத் தள்ளுகிறது. தோளுக்கு மேலே இத்தனை பெரிய தலையைச் சுமந்து திரியும் நாம்தான், எவன் எதை ஊற்றினாலும் வாயைத் திறக்கிறோம்.