நூறு குரங்குகளும் ஒரு புரதமும்

ஒரு காட்டில், குட்டிக்குக் காய்ச்சல் என்று ஒரு பெண்மான் வைத்தியரான கீரியிடம் ஓடியது. கீரி தன் பையிலிருந்து மூன்று வேர்களை எடுத்து வைத்தது.

"இதில் ஒன்றுதான் மருந்தும்மா. மற்ற இரண்டும் ஆளையே முடித்துவிடும். கிருமியின் புரதம் எப்படி மடிந்திருக்கிறது என்று தெரிந்தால், அதற்குப் பொருந்தும் வேரைச் சொல்லிவிடுவேன். குட்டி பதினைந்து நாள் தாங்கும்."

புரதம் என்பது நீளமான சங்கிலி. அது தன்மேல் தானே சுருண்டு ஒரு வடிவம் கொள்ளும். அந்த வடிவத்தைத் தனியாகக் கணக்கிட, காட்டின் கணக்குப் புலியான ஆந்தைக்கே மூன்று ஆண்டுகள் ஆகும். எனவே அரசரான சிங்கம் சங்கிலியை நூறு துண்டுகளாக்கி, நூறு குரங்குகளுக்கு நூறு கணினிகளை வழங்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் கணக்கிட்டால் பதினோரு நாளில் வேலை முடிந்துவிடும். மான் கண்ணீருடன் கும்பிட்டது.

பதினோராம் நாள் நூறு துண்டுகளும் தயார். ஒட்டுவதுதான் பாக்கி. ஒரு துண்டின் முனை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அதற்குரிய குரங்கு சொன்னால்தான் அடுத்த துண்டைச் சேர்க்க முடியும்.

"சொல்லுங்களேன்," என்றது மான்.

"பெரியவர் இருக்கும்போது நாங்கள் முந்திக்கொண்டு பேசுவதா? அண்ணன் சொல்லட்டும்," என்றன தொண்ணூற்றொன்பது குரங்குகள்.

முதல் துண்டை வைத்திருந்த மூத்த குரங்கு காதைச் சொறிந்தது. "நான் வாயைத் திறந்து, நாளைக்கு அது தப்பென்று ஆகிவிட்டால்? தம்பிகள் முதலில் சொல்லட்டும். நான் சரிபார்க்கிறேன்."

"அண்ணனுடைய பெருந்தன்மை யாருக்கு வரும்!" என்றன தம்பிகள்.

"ஐயா, என் குட்டி..."

"என்னம்மா அவசரம்? நாங்கள் என்ன ஒருவர் பின் ஒருவராகவா காத்திருக்கிறோம்? நூறு பேரும் ஒரே நேரத்தில் அல்லவா காத்திருக்கிறோம்!"

மேலும் நான்கு நாட்கள் இந்த மரியாதை நடந்தது. கணினிகள் சூடாக இருந்தன. குட்டியும் சூடாக இருந்தது. பதினாறாம் நாள் குட்டி குளிர்ந்துவிட்டது.

சிங்கம் விசாரணை நடத்தியது. ஒவ்வொரு குரங்கும் தன் துண்டைக் காட்டியது. "என் பங்கு குறித்த நாளிலேயே தயார், மகாராஜா."

"நூறு பேரும் வேலையை முடித்திருக்கிறார்களே. குறை எங்கே?" என்றது சிங்கம்.

"யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் என் பிள்ளை பிழைத்திருக்குமே," என்றது மான்.

சிங்கம் மனத்துக்குள் வகுத்துப் பார்த்தது. "அப்படியானால் ஆளுக்கு நூற்றில் ஒரு பங்கு குற்றம். அவ்வளவு சிறிய குற்றத்துக்கு நம் சட்டத்தில் தண்டனை இல்லையே, தாயே. அடுத்த காய்ச்சலுக்கு இருநூறு குரங்குகளைப் போடுகிறேன்."

நீதி: தவறு செய்ய நேர்ந்தால் தனியாகச் செய்யாதீர்கள், நூறு பேராகச் சேர்ந்து, ஒரே நேரத்தில் செய்யுங்கள்.