தக்காளிக்குக் கவ்வாத்து

தெரியாத வேலையில் கைவைத்துக் கெடுத்தவனை எல்லாரும் மன்னித்துவிடுவார்கள். தெரிந்த வேலையைக் கொண்டுபோய்த் தேவையில்லாத இடத்தில் காட்டிக் கெடுத்தவனுக்குத்தான் மன்னிப்பே கிடையாது. நான் அந்த ரகம்.

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் கவ்வாத்து வெட்டினவன் நான். தேயிலை உயர்ந்துபோனால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் புதிதாகத் துளிர்த்துக் கொழுந்து தரும். அதுதான் கவ்வாத்து. சும்மா வெட்டினால் ஆகாது. ஒரே வீச்சில் கத்தி போக வேண்டும், வெட்டிய வாய் சாய்வாக இருக்க வேண்டும், மழைத்தண்ணி அதில் தங்கக் கூடாது. ஒரு நாள் தோட்டத்து மேனேஜர் தொரை வந்து என் வரிசையை நின்று பார்த்தார். என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். (தொரை திட்டாமல் போனால் மாலை போட்ட மாதிரி.) அன்றைக்கு என் காதில் ரத்தம் குடித்து உப்பிய அட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்ததாம், அதைப் பார்த்துத்தான் அவருக்குப் பேச்சு வரவில்லை என்று என் மனைவி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அது பொறாமை.

வேலை முடிந்து கட்டுகஸ்தோட்டையில் மகன் வீட்டுக்கு வந்தேன். மகனுக்குக் கொழும்பில் வேலை. வீட்டில் நானும் மருமகள் செல்வியும்தான். அவள் காலையில் கார்மென்ட்ஸுக்குப் போய் இருட்டின பிறகு வருவாள். அப்படியும் வீட்டுக்குப் பின்னால் நாற்பது தக்காளி வைத்திருந்தாள். சாதாரணத் தக்காளி இல்லை, ஹைபிரிட். ஒவ்வொன்றுக்கும் மேலே கம்பியிலிருந்து ஒரு நூல். அதைச் சுற்றிக்கொண்டு ஆளுயரத்துக்கு ஏறி, கொத்துக் கொத்தாகப் பச்சைக்காய் பிடித்திருந்தது.

விவசாய ஆபீஸ் மிஸ் செவ்வாய்க்கிழமை வந்து பார்ப்பதாக இருந்தது. காய்ப்பு நன்றாக இருந்தால் வலைக்கூடாரம் ஒன்று இலவசமாகப் போட்டுத் தருவார்கள். எங்கள் ரோட்டுக்கே ஒன்றுதான். அது கிடைத்தால் கார்மென்ட்ஸை விட்டுவிட்டு வீட்டோடு மரக்கறி போடலாம் என்பது செல்வியின் கனவு. மூன்று மாதமாக அவள் வாயில் வேறு பேச்சே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் பிலிமத்தலாவைக்குப் புறப்பட்டாள்.

"மாமா, செவ்வாக்கிழம காலையில வந்துருவேன். எலைக்கும் தண்டுக்கும் நடுவுல சின்னதா மொளைக்கும் பாருங்க, அத மட்டும் வெரலால கிள்ளி விடுங்க. வேற எதுலயும் கை வைக்காதீங்க."

"செடியப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா புள்ள?"

"இது தேயில இல்ல மாமா. ஹைபிரிட்டு."

அந்த ஒரு சொல் எனக்கு உறைத்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கினேன். இரண்டு செடி கிள்ளினேன். மூன்றாவதில் விரல் சலித்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். எல்லாம் ஆஸ்பத்திரி வார்டில் சேலைன் ஏற்றினவர்கள் மாதிரி நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தானாக நிற்கத் தெரியாததெல்லாம் ஒரு செடியா? இதற்குத் தெரிந்தவன் கை பட வேண்டும், மிஸ் வந்து அசந்துபோக வேண்டும் என்று நினைத்தேன். (இப்போது எழுதும்போதே என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்கிறேன்.)

ஆணியில் தொங்கிய கவ்வாத்துக் கத்தியை எடுத்துத் தீட்டினேன். தோட்டத்தில் கவ்வாத்து தொடங்கும் நாளில் கவ்வாத்துசாமி கும்பிடாமல் கத்தி வைக்க மாட்டோம். அதையும் விடவில்லை. பாத்தி ஓரத்தில் ஒரு கல்லை நட்டு, வெற்றிலை வைத்து, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்தேன். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. சாமியும் என்னைத் தடுக்கவில்லை, பாருங்கள்.

வீடு கூட்டுகிற தும்புத்தடிக் கம்பை முழங்காலுக்கு அளவெடுத்து முறித்துக்கொண்டேன். பத்து மணிக்குள் நாற்பதும் ஒரே மட்டம். மூச்சு விடுவதற்குச் செடிக்கு ஒரு கிளை விட்டேன், தேயிலைக்கு விடுகிற மாதிரி. பச்சைக்காயெல்லாம் காலடியில் உருண்டது. அதைப் பார்த்தாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? கவ்வாத்தில் கீழே விழுவதை யாரும் பார்ப்பதில்லை. அது உரம்.

பக்கத்து வீட்டு ஜலீல் நானா மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"யா அல்லாஹ்! என்ன பெரியவர், தக்காளிக்கெல்லாம் மொட்ட போட்டிருக்கீங்க? எந்தக் கோயிலுக்கு நேர்த்தி?"

"வேல தெரிஞ்சவன் செய்றத வேடிக்க பாருங்க நானா."

"பாக்கத்தானே செய்றேன். செல்வி மகள் வந்தா இன்னும் நல்லாப் பாப்பேன்."

அவர் மதிலோரத்திலும் நாலு தக்காளி நின்றது. நோஞ்சான் கன்று என்று செல்வி கழித்துப் போட்டதை நான்தான் அவருக்குக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் செல்வியும் மிஸ்ஸும் வாசலில் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். நான் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, பாத்தி ஓரத்தில் நின்றேன். இரண்டு பேரும் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தொரை ஞாபகம் வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

மிஸ் சிங்களப் பிள்ளை, தாத்தாவைச் சீயா என்றுதான் கூப்பிடும். மெதுவாகக் கேட்டது.

"சீயா, மாடு வந்ததா?"

"மாடு இல்ல மிஸ், நாந்தான்! ஆறு கெழம பொறுங்க, மேச மாதிரி மட்டமா துளிர்க்கும்."

"சீயா, இது கொழுந்து எடுக்கிற செடி இல்லயே. காய்க்கிற செடி. காய்ச்சு முடிஞ்சா அதுக்கு ஆயுசும் முடியும். திருப்பி வளத்துக் காய் எடுக்க இதுக்கு எங்க காலம்?"

செல்வி என்னைத் திட்டவில்லை. குந்தி உட்கார்ந்து, விழுந்துகிடந்த பச்சைக்காயை ஒவ்வொன்றாக மண் துடைத்து மடியில் போட்டுக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மிஸ் போகிற போக்கில் மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தது. நாலு நோஞ்சானும் நாற்பது செடிக்குக் காய்த்துத் தொங்கின. கூடாரம் ஜலீல் நானா வீட்டுக்குப் போனது.

எங்கள் வீட்டில் இரண்டு வாரம் பச்சைத் தக்காளிக் கறி, பச்சைத் தக்காளிச் சட்னி, பச்சைத் தக்காளி ஊறுகாய். பிறகு ஒரு நாள் ஜலீல் நானா மதிலில் வந்து நின்றார்.

"செல்வி மகள், கூடாரம் வந்து நிக்குது, எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நீங்க வந்து மரக்கறி போடுங்க, பாதிக்குப் பாதி. ஒரு நிபந்தனதான். பெரியவர் வெறுங்கையோட வரணும்."

அடுத்த மாதம் செல்வி கார்மென்ட்ஸை விட்டாள். என் கத்தி அவளுடைய அலுமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. இன்றைக்கும் வீட்டில் யார் முடிவெட்டப் புறப்பட்டாலும், "சலூனுக்கு எதுக்குக் காசு? மாமா இருக்காரே, மட்டமா வெட்டுவாரு" என்பாள். கூடாரத்துக்குள் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். போனதும் ஜலீல் நானா, "பெரியவர் வாரார், தக்காளிய ஒளிங்க!" என்று சத்தம் போடுவார்.

போன வாரம் முதல் தடவையாக அனுமதி கிடைத்தது. "வெரலால மட்டும், மாமா." ஒரு முழு வரிசையைக் கிள்ளி முடித்தேன். ஒரு இலை சேதமில்லை. செல்வி வந்து வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். கழுத்தில் மாலை விழுந்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

ஜலீல் நானாதான் வாயைப் பொத்திக்கொண்டு என் காதைக் காட்டினார். தொட்டுப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் புழு.

என் மனைவி சொன்னது பொறாமை இல்லை போலிருக்கிறது.