வாய்தா நாள் ஏழை

வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களைக் கணக்கெடுக்க வருகிறவர்கள் ஓர் இனத்தை எப்போதும் விட்டுவிடுகிறார்கள். வாய்தா நாள் ஏழை. மாதத்தில் இருபத்தொன்பது நாள் செழிப்பாகத்தான் இருப்பார். ஜீவனாம்ச வழக்குக் கூப்பிடுகிற அன்று காலை பத்தரை மணிக்குப் பஞ்சப் பரதேசியாகிவிடுவார். வேங்கிக்காலில் நான் டைப்பிங் கடை போட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. மனு, பிரமாணப் பத்திரம், ஜெராக்ஸ், ஃபிளெக்ஸ் டிசைன் எல்லாம் உண்டு. நான் பார்க்காத ஏழையா?

அடையாளம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கார் இரண்டு தெரு தள்ளி நிற்கும். மோதிரம், கைச்சங்கிலி, இரண்டாவது செல்போன் மூன்றும் காருக்குள்ளேயே இருக்கும். நாலு நாள் தாடி, காலர் நைந்த சட்டை, ரப்பர் செருப்பு, கக்கத்தில் மஞ்சள் பை, பைக்குள் ஒரு மருந்துச் சீட்டு, அந்தச் சீட்டில் அவருடைய அம்மா பெயர், இத்தனையும் போதாதென்று இடது காலில் ஒரு நொண்டல். ஜட்ஜ் கண்ணில் படுகிறவரைக்கும் நொண்டுவார். வாய்தா தள்ளிப்போனதும் டீக்கடைக்கு ஓடுவார். வெட்கமா? அது வசதியுள்ளவர்களுக்கு வருவது.

வளவன் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். ஊருக்குள் ஹார்டுவேர்ஸ் கடை, செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற பன்னிரண்டு ரூம். மனைவி கவியாவோடு போன வருஷம் விவாகரத்து ஆகிவிட்டது. ஆனதும் மனுஷன் கையைத் தட்டி உதறிவிட்டார். கவியா ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டபோது அவர் என் கடையில் வந்து உட்கார்ந்து கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

"அதான் எல்லாம் முடிஞ்சிபோச்சே. இன்னாத்துக்குண்ணே இன்னும் நான் சோறு போடணும்?"

சட்டம் அப்படிச் சொல்லவில்லை ஐயா. விவாகரத்து ஆனாலும், தன் வருமானத்தில் பிழைக்க முடியாதவள் மறுமணம் செய்துகொள்ளாத வரைக்கும் கேட்கலாம். பிள்ளைக்குத் தனியாகக் கேட்கலாம். எவ்வளவு என்பதை இரண்டு பேருடைய வருமானம், சொத்து, செலவு எல்லாவற்றையும் பார்த்து ஜட்ஜ் சொல்வார். அதற்காக இரண்டு பேரும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளில்தான் நம் ஏழை அவதாரம் எடுக்கிறார்.

"மாச வருமானம் எவ்ளோங்க?" என்றேன்.

"ஆறாயிரம்னு போடுண்ணே."

"உங்க கடையில மூட்டை தூக்கறவருக்கே பதினஞ்சாயிரம் குடுக்கறீங்களே?"

"கடை அம்மா பேர்ல இருக்குது. ரூமும் அம்மா பேருதான். நான் அங்க கூலிக்கு நிக்கறேன். ஆறாயிரமே ஜாஸ்தி."

உண்மைதான். திங்கட்கிழமை நோட்டீஸ் வந்தது. வியாழக்கிழமைக்குள் எல்லாம் அம்மா ராணியம்மாள் பெயருக்குப் போய்விட்டது. அடேயப்பா, எண்பது வயதில் அந்த அம்மாவுக்கு வந்த யோகம்!

கவியாவுக்கு மருந்துக்கடையில் எட்டாயிரம் சம்பளம். அக்கா வீட்டு ஹாலில் மகள் இனியாவோடு படுத்துக்கொள்கிறாள். அக்கா புருஷன், மாசக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். தீர்ப்பு வந்தால் ஒரு ரூம் வாடகைக்கு எடுக்கலாம். வராவிட்டால்? அவளுக்கே தெரியவில்லை.

இந்த நேரத்தில் சித்ரா பௌர்ணமி வந்தது. அடி அண்ணாமலையில் அன்னதானம் போட வளவன் முடிவு செய்தார். கோர்ட்டில் ஏழை, கிரிவலப் பாதையில் வள்ளல். பேனருக்கும் என்னிடமே வந்தார். பிரமாணப் பத்திரத்தில் உள்ளபடி 'உரிமையாளர் ராணியம்மாள்' என்று போட்டுக் காட்டினேன். மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"இன்னாண்ணே இது? துட்டு நான் குடுக்கறேன், அம்மா பேரைப் போட்டு வெச்சிருக்க? உரிமையாளர்னு என் பேரைப் பெருசா போடு. ரூம் பேரையும் போடு. போட்டோ நல்லா சிரிச்சாப்ல இருக்கட்டும்."

போட்டேன். பத்தடிக்கு எட்டடி.

பௌர்ணமி முடிந்து மூன்றாம் நாள் கவியா என் கடைக்கு வந்தாள். வளவன் தாமே ஃபேஸ்புக்கில் போட்டிருந்த படத்தைக் கலரில் பிரிண்ட் எடுக்க வேண்டுமாம். வள்ளல் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார், பின்னால் பேனர், முன்னால் தட்டு வாங்குகிற ஒரு சிறுமி, பாதி முகம்தான் தெரிகிறது.

"கிரிவலம் நடந்து வரச்சொல்லோ இனியா பசிக்குதும்மான்னு ஓடிச்சுங்க. நான் பேனரைப் பாக்கறதுக்குள்ள கியூவுல நின்னுடுச்சு. அப்பா உன்னைப் பாத்தாரான்னு கேட்டேன். 'இல்லம்மா, கேமராவைப் பாத்துட்டு இருந்தாரு'ன்னுச்சு. சாப்ட்டியான்னேன். 'சாப்ட்டேன், உப்பு கம்மி'ன்னுச்சு."

சொல்லிவிட்டுக் காசை எண்ணி வைத்தாள். விசாரணை அன்று கடையைச் சாத்திவிட்டுப் போய்க் கோர்ட்டில் பின்னால் நின்றேன்.

ஜட்ஜ் அம்மா படத்தை நீட்டி, "உரிமையாளர்னு உங்க பேரு போட்டிருக்கே?" என்றார்.

"ஃபிளெக்ஸ்காரன் தப்பா போட்டுட்டாம்மா."

பழி என் தலையில்! நடக்கட்டும்.

"தட்டு வாங்கற இந்தக் குழந்தை யாரு?"

வளவன் படத்தைப் பார்த்தார். முதலில் தம் சிரிப்பைப் பார்த்தார், பிறகு தம் பெயரைப் பார்த்தார். "யாரோ இல்லாதப்பட்ட குழந்தைம்மா. எவ்ளோ பேர் வராங்க."

கவியா கத்தவில்லை. "இனியாங்க. அவரு பொண்ணு" என்றாள்.

மனுப் போட்ட தேதியிலிருந்து மாதம் இருபத்தைந்தாயிரம் என்று உத்தரவானது: அவளுக்குப் பதினைந்து, பெண்ணுக்குப் பத்து. வளவன் வெளியே வந்தார். நொண்ட மறந்துபோயிருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பொய்யென்று தெரிந்தே ஆறாயிரம் என்று தட்டியது என் விரல்தான்; பக்கத்துக்கு முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன். உங்கள் கதை எப்படி? வீட்டில் உரிமையோடு கேட்டவர்களிடம் "கையில இல்ல" என்று சொன்ன அதே வாரத்தில், ஊர்க் காரியத்துக்கு நோட்டீஸில் முதல் பெயராகப் போடச் சொன்னது யார்? எனக்கெதற்கு வம்பு. அடுத்த அன்னதானத்தில் தட்டை நீட்டும்போது மட்டும், கேமராவை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் கீழே பாருங்கள். வாங்குகிற கை யாருடையது என்று தெரிந்துவிடும்.