குரோட்டன் காக்காவின் முற்றம்

கல்முனைக்குடியில் பூவை மனதார வெறுத்த ஒரே மனிதர் எங்கள் குரோட்டன் காக்காதான். "பூ ரெண்டு நாள்ல கொட்டிரும் தம்பி. இலைதான் நிண்டு கதைக்கும்" என்பார். குரோட்டன் மாதிரி இலைச்செடிகளாகவே வளர்த்ததால் வந்த பெயர் அது; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இலை என்று வந்துவிட்டால் மனிதருக்கு வெட்கமே கிடையாது. கல்யாண வீட்டில் எல்லோரும் சாப்பாட்டைத் தேட, இவர் மதிலோரம் நிற்பார். திரும்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு கொப்பு எட்டிப் பார்க்கும். ஒருமுறை ஒருவர் இறந்துபோன மௌத்து வீட்டு முற்றத்தில், வாடிக் கிடந்த கலேடியம் செடியைப் பார்த்துக் கண்கலங்கி நின்றார். வீட்டார் முதலில் இவரைத்தான் தேற்றினார்கள்.

அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசினார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இவர் போகவிருந்த பின்வளவு அறைக்கு முன்னால் நாலு செடிச் சாடி வைக்கவும் இடமில்லை. மாப்பிள்ளையின் உம்மா வந்து முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"இது ஊடா, காடா? மகன்ட கார எங்க விடுற? எல்லாத்தையும் எடுத்துப்போட்டுக் கல்லுப் பதிங்க."

"ஓம், செய்வம்" என்றார் காக்கா. அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் வீட்டுக்கொரு சாடியாகத் தெருவுக்கே பங்கு வைத்தார். எனக்கு வந்தது ஓட்டை ஓட்டையாக இலை விடும் மொன்ஸ்டெரா. "வெயில்ல வெச்சிராத தம்பி." வைத்தேன். பத்தே நாளில் கதை முடிந்தது.

மகள், வீட்டு உறுதிப் பத்திரம் எழுதி முடியும்வரை வாயே திறக்கவில்லை. முடிந்த கையோடு மாமியாருக்குப் போன் போட்டாள்.

"மாமி, ஊடு இப்ப என்ட பேர்ல. வாப்பாட சாடியெல்லாம் திரும்பி வரும். கார் ரோட்டுல நிக்கட்டும்."

மாமியார் கொதித்தார். மாப்பிள்ளை சத்தமில்லாமல் காருக்கு ஓர் உறை வாங்கினார்.

காக்கா கைவண்டியோடு வீடு வீடாக வந்தார். நான் அதே சாதிச் செடியொன்றை வாங்கிப் பழைய சாடியில் நட்டு, நல்ல பிள்ளையாக நீட்டினேன். இலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மற்றது மௌத்தாயிட்டா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பரவாயில்ல. இதுவும் புள்ளதானே" என்று சாடியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். அவ்வளவு வெட்கத்திலும், அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.