துண்டுக்கு வெளியே ஒரு மூஞ்சி

மேடையில் மைக்கைப் பிடித்த ஐயா, என் மாங்காய் மண்டி பாதிக்கு மேல் போனதற்கு நீங்கள்தான் பொறுப்பு. கிருஷ்ணகிரி வியாபாரிகள் கூட்டத்தில் என்ன சொன்னீர்கள்? "தினம் ஒரு படம் வரையுங்கள். கோபம் அடங்கும், மனம் வளரும், தொழில் செழிக்கும்." சொல்லும்போது என்னைத்தான் பார்த்தீர்கள்.

நான் பதிமூன்று வயதில் கூடை சுமக்க வந்து, ஏச்சு வாங்கி, அடி வாங்கி, அப்புறம் மண்டி வாங்கியவன். கோபம்தான் என் முதல். இருந்தாலும் நோட்டு வாங்கி வரைந்தேன். மூன்றாம் நாள் நான் போட்ட மாங்காயை என் மனைவி மாதேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"செருப்பு நல்லா இருக்குங்க. இன்னொரு கால் எங்க?"

நோட்டை வீசினேன். அவள் எடுத்துக்கொண்டாள். அன்றே இந்தச் சென்றாயன் கதை முடிந்தது.

அவள் என்னையே வரைந்தாள். தின்னும்போது, கத்தும்போது, மண்டியில் விலை பேசும்போது. எங்கள் தொழிலில் கையைத் துண்டால் மூடி, எதிராளி விரலைப் பிடித்துத்தான் விலை சொல்வோம். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. அந்தத் துண்டை நம்பித்தான் இத்தனை வருஷம் பிழைத்தேன். வரைய வரைய அவளுக்குப் பேச்சு குறைந்தது, பார்வை கூடியது.

இரண்டு மாதம் கழித்து வந்து நின்றாள்.

"ஏங்க, மண்டியில முன்பக்கம் எனக்கு வேணும். படம் சொல்லிக் குடுக்கப் போறேன். ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல எறங்குற பொண்ணுங்க பத்துப் பேரு கேக்குறாங்க."

"மாங்காய உன் தலையிலயா கொட்டுறது?"

"கத்தாதீங்க. உங்க வழக்கப்படியே துண்டு போட்டுப் பேசுவோம். இருபதடி மண்டி. ஒரு வெரலுக்கு ரெண்டடி. நான் கேக்குறது அஞ்சு வெரல்."

என்னிடமே துண்டா? மனசுக்குள் சிரித்தபடி துண்டுக்குள் அவளுடைய ஒரே ஒரு விரலைப் பிடித்தேன். அவள் கையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். நோட்டைப் புரட்டினாள்.

"நாலு வரைக்கும் வருவீங்க. இந்தாங்க, பதினேழாம் பக்கம். மனசுல நாலு, வெரல்ல ஒண்ணுன்னா கீழ் உதடு உள்ள போவுது."

உதட்டை வெளியே தள்ளினேன்.

"இது இருபத்திரெண்டாம் பக்கம். பயந்தா இப்படி."

வேர்த்தது. இந்த மூஞ்சியோடா தினமும் மண்டியில் நிற்கிறேன்?

"நேத்து பஷீர் பாய் வந்தாருங்க," என்றாள் சாதாரணமாக. மாங்கூழ் பேக்டரிக்கு என்னிடம் துண்டு போட்டு விலை பேசிச் சரக்கு எடுப்பவர் அவர். "நோட்டப் பாத்துட்டு, எல்லாப் பக்கத்தையும் போட்டோ புடிச்சுக்கவாம்மான்னு கேட்டாரு."

"குடுத்தியா?"

"இன்னும் இல்ல."

அந்த 'இன்னும்' என் முதுகுத்தண்டில் பல்லி மாதிரி ஏறியது. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன்.

"ஆறு," என்றாள்.

"அஞ்சுதானடி கேட்ட?"

"அது உங்க மூஞ்சியப் பாக்குறதுக்கு முன்னாடி."

பன்னிரண்டடி போயிற்று. போகட்டும். வரும் திங்கட்கிழமை முதல் வகுப்பு. பத்துப் பெண்கள், பத்து நோட்டு. அதில் ஒருத்தி பஷீர் பாய் மகள் ஃபிசா. யாரை வரையப் போகிறார்கள் என்று கேட்டேன். "வெளிய ஆளுக்கு எங்க போறது? நீங்கதான்," என்கிறாள். நாற்காலிகூடப் போட்டாயிற்று.

ஐயா, மரியாதையாகச் சொல்கிறேன். ஆரம்பித்தது நீங்கள், நீங்களே முடித்து வையுங்கள். திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்து அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.